செபமாலையில் நான் நின்று கேட்ட இடம்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து:

மணிகளை எண்ணி மாதாவை நோக்கிச் சொல்லும் செபமாலை எனக்கு எழுத்துக் கற்பதற்கு முன்பே மனப்பாடம். மாலை ஏழு மணிக்கு அம்மம்மா மாதா சுருவத்துக்கு (சிலைக்கு) முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுப் பாயை விரிப்பார். பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் முழந்தாளில் இருப்போம். அவர் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்கி முடிப்பதற்குள் நாங்கள் ‘அர்ச்சிஷ்ட மரியாயே’ என்று பிடித்துக்கொள்வோம். நாங்கள் ‘ஆமென்’ சொல்வதற்குள் அவருடைய விரல் அடுத்த மணிக்குப் போயிருக்கும். கால் மணி நேரத்தில் 53 அருள் நிறைந்த மரியேயும் முடிந்துவிடும். அந்த வேகத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கு விசுவாசம் கிடைத்தது அந்தப் பாயில்தான். ஆனால் திருமணமாகி, பிள்ளைகள் பெற்று, நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் என் வாய் மணியை எண்ணும், மனமோ நாளைய சமையலை எண்ணும். செபமாலை என்றால் இவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

2022 மார்ச் மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. 13 மணி நேர மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்து எட்டு நாளாகியிருந்தது. என் கணவர் சிலிண்டர் வரிசையில் இடம்பிடிக்கப் போயிருந்தார். வீட்டுக்குள் வேக்காடு தாங்காமல் மாடிப்படிக்கு வந்தேன். அங்கே, மூன்றாவது படியில், வெளிர் பச்சையாக ஏதோ அசைந்தது. கீழ் வீட்டு அக்காவின் கையிலிருந்த செபமாலை. இருட்டில் ஒளிரும் அந்தப் பிளாஸ்டிக் மணிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கோவில் வாசலில் விற்கும் மலிவான மாலை. ஒளி மங்கியபோது கைத்தொலைபேசி டோர்ச்சைச் சில நொடி அதன்மேல் பிடித்தார். மணிகள் மறுபடியும் ஒளிரத் தொடங்கின.

அக்கா சிங்களவர். எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் வரும். அவருக்குத் தமிழ் அதிலும் குறைவு. ‘நங்கி (தங்கச்சி), வாங்க’ என்று பக்கத்துப் படியைத் தட்டிக் காட்டினார். முதல் பாதியை அவர் சிங்களத்தில் சொல்ல, இரண்டாம் பாதியை நான் தமிழில் சொன்னேன். அடுத்த பத்து மணிகளில் நான் தொடங்க, அவர் முடித்தார்.

முதல் தடவையாக என்னால் அவசரப்பட முடியவில்லை. அவர் எந்தச் சொல்லில் நிற்கிறார் என்று காதுகொடுத்துக் கேட்டால்தான் நான் தொடங்க முடியும். அவர் சொல்வதில் எனக்கு உடனே பிடிபட்டது ஒரே ஒரு சொல்: ‘ஜேசுஸ்’. அது வந்ததும் என் முறை வரப்போகிறது என்று தெரிந்துகொண்டேன். என் தமிழில் ‘இயேசு’ வரும்போது அவரும் அப்படித்தான் நிமிர்ந்திருக்கிறார், பிறகு சொன்னார். 50 தடவை அந்த ஒரு பெயருக்காகக் காத்திருந்து பாருங்கள். அதற்கு முன் அந்தப் பெயரை எத்தனை ஆயிரம் தடவை நான் கவனியாமல் தாண்டிப் போயிருக்கிறேன் என்று அந்தப் படியில் உறைத்தது.

பின்னாளில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 ஒக்டோபர் 16 அன்று செபமாலை பற்றி எழுதிய மடலை வாசித்தேன். அருள் நிறைந்த மரியேயின் மையம் இயேசுவின் பெயர், இரண்டு பாதியையும் இணைத்துப் பிடிக்கும் பிணைச்சல் அதுதான் என்று அதில் இருக்கிறது. இலத்தீனில் முதல் பாதியின் கடைசிச் சொல்லே அந்தப் பெயர். தமிழில் ‘இயேசுவும் ஆசீர்வதிக்கப்பட்டவரே’ என்று இன்னொரு சொல்லைத் தாண்ட வேண்டியிருப்பதால் நாம் அதில் தங்காமல் ஓடிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். வாசித்தபோது எனக்கு அந்தப் பச்சை மணிகள்தான் கண்ணில் வந்தன.

அந்த இரவில் இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு பத்து மணிக்கும் இயேசுவின், மாதாவின் வாழ்விலிருந்து ஒரு காட்சியை நினைப்போம், அதைத்தான் தேவ இரகசியம் அல்லது மறையுண்மை என்போம். வியாழன் என்றால் அம்மம்மா சந்தோஷ தேவ இரகசியங்களைச் சொல்வார். அவர் காலத்தில் சந்தோஷம், துக்கம், மகிமை என்று மூன்று தொகுதிதான். ஒளியின் மறையுண்மைகள் ஐந்தும் அந்த 2002 மடலில்தான் சேர்ந்தன, வியாழன் இப்போது அவற்றுக்கு உரியது. அக்கா இரண்டாவது மறையுண்மையை அறிவித்துவிட்டு எனக்குப் புரியட்டும் என்று ‘கானா’ என்று மட்டும் தமிழ் உச்சரிப்பில் திரும்பச் சொன்னார். கானாவூர்த் திருமணம். ‘திராட்சை இரசம் தீர்ந்துவிட்டது’ என்று மகனிடம் போய்ச் சொன்ன தாய்.

தீர்ந்துவிட்டது. எட்டு நாளாக அந்த ஒரு சொல்லைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காஸ் தீர்ந்துவிட்டது, பால்மா தீர்ந்துவிட்டது. மாதா அங்கே ‘இதைச் செய்’ என்று மகனிடம் கேட்கவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வீட்டில் எது இல்லை என்று மட்டும் சொன்னார். கலியாண வீட்டுக்காரரின் மானம் போகப்போகிறது என்று சமையல் பக்கம் நிற்கும் ஒரு பெண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அந்தப் பத்து மணிகள் முழுவதும் நான் அந்தக் குசினி வாசலில் அவர் பக்கத்தில் நின்றேன். என் மனம் வேறெங்கும் போகவில்லை. உண்மையில் அது போக நினைத்த இடத்துக்கே செபமும் வந்திருந்தது.

காஸ் அதற்குப் பிறகும் பல நாட்கள் கிடைக்கவில்லை. ஆனால் செபமாலை சொல்வது அன்றோடு எனக்கு மாறிவிட்டது. உங்களில் யாருக்காவது இப்படி ஓரிடத்தில் நின்று கேட்க வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

வத்தளையிலிருந்து:

என்னுடையது யுத்த காலத்துக் கதை. தொண்ணூறுகளின் கடைசி. புறக்கோட்டையில் வேலை. களனிப் பாலத்துக்குப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குவார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் வடக்கு என்று இருந்தால் தனி வரிசை. ஒரு நாள் அந்த வரிசையில் என் முறை வந்தபோது சட்டைப் பையில் என்ன என்று ஒரு சிப்பாய் கேட்டான். என்னைவிட இளையவன். எடுத்துக் காட்டினேன், என் அப்பாவின் மரச் செபமாலை. சிலுவையில் இருந்த பித்தளைப் பாடுபட்ட சுருவம் விரல் பட்டுப் பட்டு முகமே தெரியாமல் தேய்ந்திருக்கும்.

அவன் அதை வாங்கி, சிலுவையைப் பெருவிரலால் ஒரு தடவை தடவினான். பிறகு தன் சீருடையின் கழுத்துப் பட்டியை விலக்கிக் காட்டினான். உள்ளே அவனும் ஒன்று போட்டிருந்தான். நீர்கொழும்புப் பக்கம் என்று நினைக்கிறேன், அங்கே இரண்டு மொழியும் கலந்த வீடுகள் உண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையை இரண்டு கையாலும் திருப்பித் தந்துவிட்டு, போகச் சொன்னான். என்னோடு வரிசையில் நின்ற மற்றவர்கள் அன்று இரண்டு மணி நேரம் நின்றார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கும் விஷயம், அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனமில்லை.

யோசேப்பு வாஸ் அடிகளாரை நினைத்துக்கொள்கிறேன். ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து குரு என்று தெரியாத கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். யார் கத்தோலிக்கர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, கேட்டால் அவருக்கும் ஆபத்து, சொன்னவருக்கும் ஆபத்து. ஆகவே செபமாலையை வெளியே தெரியக் கழுத்தில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுப் போனார். அதைப் பார்த்து எந்த வீட்டார் முகம் மாறுகிறதோ அந்த வீடு. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கையில் அப்பாவின் அதே மாலை. எனக்கு நினைவில் வந்தது அந்தச் சிப்பாயின் முகம்.

மட்டக்குளியிலிருந்து:

சிறியதுதான், ஆனாலும் எழுதுகிறேன். செபமாலையின் முடிவில் மாதாவிடம் சொல்லும் ‘கிருபை தயாபத்து’ மந்திரத்தில் ‘இந்தக் கண்ணீர்க் கணவாயிலே’ என்று வருமல்லவா? என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் செபம் முடிந்ததும், ‘அம்மா, கணவாய் ஏன் அழுகிறது?’ என்று கேட்டாள். எங்கள் தெருவில் மீன்காரர் கூவி விற்கும் கணவாய்தான் அவளுக்குத் தெரிந்த கணவாய். இரண்டு மலைக்கு நடுவில் போகும் வழிக்கும் அதுதான் பெயர் என்றேன். கடுகண்ணாவையில் ரயிலிலிருந்து பார்த்தாயே, அதைப்போல என்றேன். ‘அப்படியென்றால் அந்தப் பக்கம் வெளியே போகலாம்’ என்றாள்.

பள்ளத்தாக்கு என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அது தோன்றியிருக்காது. அந்தப் பழைய தமிழை மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் சண்டைக்கு வருவேன்.

வெள்ளவத்தையிலிருந்து:

நான் சைவம். இங்கே எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவும் நானும் செவ்வாய்க்கிழமைகளில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போவோம். என் தம்பி பிறப்பதற்கு அம்மா வைத்த நேர்த்தி, இன்றுவரை தொடர்கிறது. 2019 ஏப்ரல் 21 அங்கே நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு, ஜூனில் கோவில் திறந்ததும் போனோம். கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர் அழுதுகொண்டே மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். எழும்பும்போது அந்த மாலையை என் கைக்குள் வைத்து மூடிவிட்டுப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் சுவாமி அறையில் அப்பாவின் உருத்திராட்ச மாலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 108 எனக்குப் பழக்கம். இதில் 59 மணி, சில பெரிது, சில சிறிது, ஒரு வால் தொங்குகிறது. எங்கே தொடங்குவது, நடுவில் கவனம் போனால் முதலிலிருந்து சொல்ல வேண்டுமா, நான் சொல்வது முறையா? யாராவது சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தங்கச்சி, உங்களுக்கு அந்த மாலையைத் தந்தவர் முறையா என்று கேட்டுவிட்டுத் தரவில்லை. முதல் பாதியில் இருப்பது லூக்கா நற்செய்தி முதல் அதிகாரத்து வாழ்த்துகள், ஒன்று கபிரியேல் தூதர் சொன்னது, மற்றது எலிசபெத்து சொன்னது. கருவுற்ற ஒரு பெண்ணை இன்னொரு கருவுற்ற பெண் வாசலில் வரவேற்ற சொற்கள். அவற்றை நீங்கள் சொல்வதை யாரும் தடுக்கமாட்டார்கள். உங்கள் மனம் ஏற்காத வரி வந்தால் அதைச் சொல்லாமல் மௌனமாக இருங்கள்.

‘வால்’ என்று சொன்னீர்களே, அங்கேதான் தொடக்கம். சிலுவையைப் பிடித்து விசுவாசப் பிரமாணம், அதாவது நாங்கள் எதை நம்புகிறோம் என்று சொல்லும் செபம். பெரிய மணியில் பரலோகத் தந்தையை நோக்கிச் சொல்லும் பரலோக மந்திரம், மூன்று சிறிய மணிகளில் அருள் நிறைந்த மரியே. பிறகு வட்டத்துக்குள் போய், பத்துப் பத்தாக ஐந்து தடவை. ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் இயேசுவின், மாதாவின் வாழ்விலிருந்து ஒரு காட்சியை மனதில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு பெரிய மணி, 53 சிறிய மணி, அதனால்தான் 59. மூன்று தொகுதியாக இருந்த காலத்தில் முழுச் செபமாலைக்கு 150 அருள் நிறைந்த மரியே. துறவிகள் ஓதிய 150 சங்கீதங்களை வாசிக்கத் தெரியாத எளிய மக்கள் அந்த எண்ணிக்கையில் செபம் சொல்லி ஈடுகட்டினார்கள். புத்தகம் இல்லாதவர்களின் புத்தகம் இது. அம்மம்மாவுக்கும் வாசிக்கத் தெரியாது.

கவனம் போனால் திரும்பப் போகாதீர்கள். எந்த மணியில் விரல் இருக்கிறதோ அங்கிருந்தே சொல்லுங்கள். மனம் எங்கே போனதோ அதையும் அந்தக் காட்சிக்குள் கூட்டிக்கொண்டு வாருங்கள். காட்சியைப் பார்க்காமல் சொல்லும் செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதினார். அது என்னைப் பல வருடம் பயமுறுத்திய வரி. இப்போது அப்படி இல்லை. ஐந்து பத்தையும் ஒரே நாளில் சொல்லி முடிக்க வேண்டும் என்றும் இல்லை. ஒரு பத்தை மெதுவாகச் சொல்ல நான்கு, ஐந்து நிமிடம் போதும். பஸ்ஸில் என்றால் மாலையைக்கூட எடுக்க வேண்டாம், பத்து விரல் இருக்கிறது.

நீங்கள் போவது செவ்வாய்க்கிழமை, அது துக்க மறையுண்மைகளின் நாள். முதலாவது, இயேசு கெத்செமனித் தோட்டத்தில் இரவில் தனியாக வேண்டியது. நண்பர்கள் மூவரைப் பக்கத்தில் விழித்திருக்கச் சொன்னார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். அன்று அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விழித்திருந்தீர்கள். அந்தப் பத்திலிருந்து தொடங்குங்கள்.