கோடியக்கரையில் பூநாரையைத் தாண்டி

கோடியக்கரை போய்விட்டு வந்தேன் என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான், "பூநாரை பார்த்தீங்களா?" பார்த்தோம். பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு போனோம், வேதாரண்யம் சதுப்பில் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் அது நிற்பது எங்கேயோ, நாம் நிற்பது எங்கேயோ. வெயில் ஏறினால் உப்புத்தரையில் கானல் எழும்பி, பைனாகுலரில் தெரிவதெல்லாம் நெளிகிற ஒரு ரோஸ் கோடு. "அவ்வளவுதானா" என்று அப்படியே வண்டியேறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஏனென்றால் பக்கத்திலேயே வேறொரு கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும்.

உள்ளான்களைச் சொல்கிறேன், சேற்றோரம் மேய்கிற சின்னக் கரைப்பறவைகள். கூட வந்த உள்ளூர் அண்ணன் விடியற்காலையிலேயே சேறு காய்ந்துகொண்டிருந்த ஒரு ஓரமாக ஜீப்பை நிறுத்தி, "இறங்காதீங்க, கதவையும் திறக்காதீங்க, சும்மா உக்காருங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டே சக்கரம் வரை வந்துவிட்டன. ஒன்றின் எடை முப்பது கிராம் வந்தால் பெரிது, ஆர்க்டிக் பக்கம் பனி உருகும் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்து இங்கே தலையைத் தூக்காமல் சேற்றைக் குத்திக்கொண்டே போகிறது. நடுநடுவே மணல் உப்புக்கொத்திகள், அதுகளுக்கு வேறு பழக்கம்: நாலு அடி ஓடும், டக்கென்று நிற்கும், பார்க்கும், ஒரே கொத்து, திரும்ப ஓடும். அலகு குட்டை, கண் பெரிது, பார்த்துத்தான் இரை பிடிக்கும். உள்ளான் தடவிப் பிடிக்கிற ஜாதி. இந்த ஒன்றைக் கவனித்தாலே தூரத்திலிருந்துகூடப் பாதிக் கூட்டத்தைப் பிரித்துவிடலாம், இறகு நிறத்தை வைத்துக் குழம்ப வேண்டாம், குளிர்காலத்தில் எல்லாமே சாம்பல்தான்.

அப்போது ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. அத்தனையும் ஒரே நொடியில் எழும்பி, ஒரு பக்கம் திரும்பினால் பழுப்பு, மறுபக்கம் திரும்பினால் பளீரென்று வெள்ளை, இரண்டு சுற்று சுற்றிவிட்டு முன்பு இருந்த இடத்திலேயே இறங்கி எதுவும் நடக்காததுபோல மேயத் தொடங்கிவிட்டன. பருந்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

போகிறவர்கள் தேதியைவிடத் தண்ணீரைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கிய வருடம் சதுப்பில் தண்ணீர் நிறைந்து நிற்கும், நீளக்கால் பூநாரைக்குக் கவலையில்லை, குட்டைக்கால் உள்ளானுக்கு நிற்கவே இடமிருக்காது. தண்ணீர் வடிந்து ஓரங்கள் வெளியே தெரிய வேண்டும். அகஸ்தியம்பள்ளிப் பக்க உப்பளங்களையும் வேகமாகக் கடந்து போய்விடாதீர்கள், பாத்தி வரப்புகளில் ஆலாக்கள் (மீன் பிடிக்கும் கடற்பறவைகள்) வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்று, கரண்டிமூக்கு உள்ளான். இன்றைக்கு உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிற அந்தப் பறவை எண்பதுகளில் இங்கே பார்க்கப்பட்டிருக்கிறது. அதனால் கொசு உள்ளான் கூட்டம் கிடைத்தால் ஒவ்வொரு அலகின் நுனியையும் பார்ப்பது எனக்கு ஒரு வியாதியாகிவிட்டது. கிடைக்காது என்று தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

வெளிமான்கள் தாராளமாகக் கிடைத்தன, சரணாலயமே 1967இல் அதற்காகத்தான் அறிவிக்கப்பட்டது. கோடியக்காட்டுக் குரங்குகள் மட்டும் எங்கள் இட்லிப் பொட்டலத்தை முழுசாக எடுத்துக்கொண்டன.

மதியம் முத்துப்பேட்டைக்கு விட்டோம். ஜாம்புவானோடையிலிருந்து கோரையாற்றில் படகு, இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, பார்க்க அழகுதான். ஆனால் இன்ஜின் சத்தத்துக்குக் கரையோரக் கொக்கும் நீர்க்காகமும் நாம் நெருங்குமுன்னே கிளம்பிவிடுகின்றன. காயல் வாய் திறந்த இடத்தில் இன்ஜினை அணைக்கச் சொல்லிப் படகுக்காரரைக் கேட்டோம், அணைத்தார், அந்தப் பத்து நிமிடத்தில்தான் கொஞ்சம் கூழைக்கடாக்கள் நிம்மதியாக மீன் பிடிப்பதைப் பார்க்க முடிந்தது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல், முத்துப்பேட்டைக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள்.