அல்ஸ்டரும் வட அயர்லாந்தும் ஒன்றுதானா? டொனிகால் எந்தப் பக்கம்?

கேள்வி:
அயர்லாந்து பற்றிய வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாராகின்றன. கவுண்டிகள் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) ஒரு இடத்தில் 32, இன்னொரு இடத்தில் 26. எது சரி? அல்ஸ்டர் என்றாலே வட அயர்லாந்து என்று எழுதிவிடலாமா? தீவின் வடகோடியான மாலின் முனை டொனிகாலில் இருக்கிறது. ஆனால் டொனிகால் "தெற்கு" அயர்லாந்தாம். எங்கே இடிக்கிறது?

மறுமொழி 1:
தீவு, நாடு, மாகாணம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வரும் சிக்கல் இது. தீவு முழுவதற்கும் நான்கு மாகாணங்களில் 32 கவுண்டிகள்: லென்ஸ்டரில் 12, அல்ஸ்டரில் 9, மன்ஸ்டரில் 6, கொனாக்டில் 5. இவற்றில் 26 அயர்லாந்து நாட்டில், அதாவது பேச்சில் "தெற்கு" எனப்படும் குடியரசில் இருக்கின்றன. ஆண்ட்ரிம், அர்மா, டவுன், டெரி, டிரோன், ஃபெர்மனா ஆகிய ஆறும் ஐக்கிய இராச்சியத்தைச் சேர்ந்த வட அயர்லாந்து. இந்த ஆறுமே அல்ஸ்டர்தான், ஆனால் அல்ஸ்டர் இவ்வளவு மட்டும் அல்ல. டொனிகால், கேவன், மோனகன் மூன்றும் அல்ஸ்டரில் இருந்துகொண்டே குடியரசுக்குள் வருகின்றன. அங்கே பேச்சில் "அல்ஸ்டர்" என்று வட அயர்லாந்தைச் சொல்பவர்கள் உண்டு. வினாடி வினாவில் அதை விடையாக ஏற்கவே கூடாது.

ஏன் ஒன்பது இல்லை, ஆறு? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1920 சட்டத்தின்படி 1921 மே 3-இல் தீவு பிரிந்தது. ஒன்பது கவுண்டிகளையும் சேர்த்தால் புராட்டஸ்டண்ட் மக்கள் பாதிக்குச் சற்றே மேல். ஆறோடு நிறுத்தினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பிரிட்டனோடு இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகளான யூனியனிஸ்டுகள் உறுதியான பெரும்பான்மையைத் தேர்ந்தெடுத்தார்கள். இத்தனைக்கும் டிரோனிலும் ஃபெர்மனாவிலும் கத்தோலிக்கர்களே அதிகம். எல்லை திசையைப் பார்த்துப் போட்டதல்ல, தலைகளை எண்ணிப் போட்டது. அதனால்தான் வடகோடி "தெற்கில்" மாட்டிக்கொண்டது. டொனிகாலுக்குக் குடியரசுக்குள் பக்கத்து கவுண்டி லீட்ரிம் ஒன்றுதான். அதுவும் சில கிலோமீட்டர் அகல இடுக்கு.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு ஒன்று. மாகாணம் என்பதற்கு ஐரிஷ் சொல் 'கூயிகெ'. அதன் பொருள் 'ஐந்தில் ஒன்று'. இன்று நான்குதானே? ஐந்தாவது மீட் என்ற பழைய மாகாணம். அது இப்போது லென்ஸ்டருக்குள் மீட், வெஸ்ட்மீட் கவுண்டிகளாக நிற்கிறது. நல்ல கேள்வியாகும்.

நதி, ஏரியிலும் இதே குழப்பம் உண்டு. மிக நீளமான ஷானன் ஆறு, சுமார் 360 கி.மீ., பிறப்பது கேவனில், அதாவது அல்ஸ்டரில். மிகப் பெரிய ஏரியான லாக் நே, ஃபெர்மனா தவிர வட அயர்லாந்தின் மற்ற ஐந்து கவுண்டிகளையும் தொடுகிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நாட்டின் பெயரை "அயர்லாந்து" என்று எழுதுவதா, "அயர்லாந்துக் குடியரசு" என்று எழுதுவதா? எல்லையை நேரில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி 3:
1937 அரசியலமைப்பின் 4-ஆவது பிரிவுப்படி நாட்டின் பெயர் ஐரிஷில் 'எய்ரா', ஆங்கிலத்தில் 'அயர்லாந்து'. 'அயர்லாந்துக் குடியரசு' என்பது 1948 சட்டம் தந்த விவரிப்பு. நடைமுறைக்கு வந்தது 1949 ஏப்ரல் 18. கால்பந்து அணி இந்த விவரிப்பின் பெயரில் ஆடுகிறது, வட அயர்லாந்துக்குத் தனி அணி. ரக்பியில் தீவு முழுவதற்கும் ஒரே அணி. "அயர்லாந்து அணி" என்று கேட்டால் எந்த விளையாட்டு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. டப்ளினிலிருந்து லெட்டர்கென்னி போகும் முக்கியச் சாலை மோனகன் தாண்டி டிரோனுக்குள் நுழைந்து, மறுபடி டொனிகாலில் வெளியே வரும். சாலையோரத்தைக் கவனித்தால் போதும்: குடியரசில் விட்டுவிட்டு ஓடும் மஞ்சள் கோடு, வடக்கில் வெள்ளைக் கோடு. வேக வரம்பு 2005 முதல் குடியரசில் கிலோமீட்டரில், வடக்கில் இன்னும் மைலில். பலகையில் 60 என்றால் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும். 60 மைல் ஏறக்குறைய 97 கிலோமீட்டர்.

குடியரசு வண்டிகளின் எண் பலகையில் ஆண்டு, கவுண்டி எழுத்து, வரிசை எண் வரும். மேலே கவுண்டியின் ஐரிஷ் பெயர். 2013 முதல் ஆண்டோடு அரையாண்டுக்கு 1 அல்லது 2 சேரும்: 131 என்றால் 2013-இன் முதல் பாதி. வட அயர்லாந்துப் பலகையில் ஆண்டே இருக்காது.