ரூபி மொழியில் எஸ்3 ஜெம்மை (நூலகத்தை) அப்டேட் செய்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

நான் முதலில் சொல்லிவிடுகிறேன். 2013-இல் எழுதிய ஒரு ரெயில்ஸ் செயலி, அதில் அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-க்குப் போகும் கோப்பெல்லாம் ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே (அமேசான் சேவைகளோடு பேச அமேசானே தரும் நூலகம்) முதல் பதிப்பு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து நேராக மூன்றாம் பதிப்புக்குத் தாவினோம். 2017-இல் வந்த அந்தப் பதிப்பில் ஒவ்வொரு சேவைக்கும் தனி ஜெம், அதனால் எஸ்3-க்கு உரியதை மட்டும் ஜெம்ஃபைலில் போட்டால் போதும். பழைய மாட்யூல் பெயரில் மூன்று எழுத்தும் கேப்பிடல் (AWS), புதியதில் முதல் எழுத்து மட்டும்தான் (Aws), ஆகவே இரண்டையும் ஒரே செயலியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளாஸாக மாற்ற முடிந்தது. இப்படி யோசித்தவர்களுக்கு மனதார நன்றி.

ரீஜன் இல்லை, ரைட் என்ற மெத்தட் இல்லை என்று வந்த பிழைகள் டெஸ்ட் ஓட்டியதுமே தெரிந்துவிட்டன. அரை நாள் வேலை.

மாட்டிக்கொண்டது லிங்க்கில். மாதம் 1-ஆம் தேதி வாடிக்கையாளர்களுக்குப் போகும் மெயிலில் 30 நாள் செல்லுபடியாகும் தரவிறக்க லிங்க் ஒன்று இருக்கும். லிங்க் உண்மையானது என்று காட்ட அதில் சேர்க்கும் சிக்னேச்சரின் பழைய முறையில் அது நடந்தது. புதிய முறையில் அதிகபட்சம் 7 நாள்தான், 604800 விநாடிக்கு மேல் கேட்டால் ஜெம்மே ஆர்குமென்ட் எரர் கொடுத்து நிறுத்திவிடும். டெஸ்ட்டில் அந்த இடத்தை நாங்களே ஸ்டப் செய்து (நிஜ அழைப்புக்குப் பதில் போலிப் பதிலைத் தந்து) வைத்திருந்ததால் எல்லாம் பச்சையாக இருந்தது. 12-ஆம் தேதி டிப்ளாய் செய்தோம், அடுத்த 1-ஆம் தேதி காலையில் ஒரு மெயில்கூடப் போகவில்லை. அப்புறம் மெயிலில் எங்கள் தளத்தின் முகவரியையே கொடுத்து, லாகின் பார்த்தபின் 5 நிமிட லிங்க்குக்குத் திருப்பிவிடுவதாக மாற்றினோம். முப்பது நாள் யார் கைக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய லிங்க்கை முன்பு அனுப்பிக்கொண்டிருந்தோமே என்பது அப்போதுதான் உறைத்தது.

பதில்:

எனக்கு நடந்தது இவ்வளவு பெரிய தாவல் இல்லை, ஜெம்களைப் புதுப்பிக்கும் சாதாரண பண்டில் அப்டேட்தான். 2025 ஜனவரியில் எஸ்3 ஜெம் 1.178-க்கு ஏறியது. அதிலிருந்து கோப்பு ஏற்றும்போது சிஆர்சி32 செக்சம் (கோப்பு வழியில் சிதையவில்லை என்று சரிபார்க்கும் எண்) தானாகவே சேர்ந்து போகும். நாங்கள் கோப்பு வைத்திருந்தது அமேசானில் இல்லை, எஸ்3 மாதிரியே பேசும் வேறொரு சேவையில், அதற்கு அப்போது செக்சத்தோடு வரும் ஹெடர் புரியவில்லை, படம் ஏற்றிய எல்லாருக்கும் பிழைதான். எங்கள் கோடில் ஒரு வரிகூட மாறாததால் ஜெம் மேல் சந்தேகம் வரவே ரொம்ப நேரம் ஆனது. ரெக்வெஸ்ட் செக்சம் கால்குலேஷன் என்ற செட்டிங்கை 'தேவைப்படும்போது மட்டும்' என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

நீங்கள் சொன்ன ஸ்டப் பிரச்சினை எங்களுக்கும் இருந்தது. இப்போது ஸ்டேஜிங்கில் (வெளியிடும் முன் சோதிக்கும் சர்வரில்) ஒரு சின்னக் கோப்பை நிஜமாகவே ஏற்றி, இறக்கி, அழித்துப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று ஸ்டப் இல்லாமல் ஓடுகிறது.