வாங்கிய படம் புரொஜெக்டரில் கறுப்பாக வருகிறது, பென் டிரைவில் ஓடவில்லை – எதைச் சரிசெய்யலாம்?

வெண்திரை:
வணக்கம். ஒரு இணையக் கடையில் எச்.டி. விலை கொடுத்து ஒரு படம் வாங்கியிருக்கிறேன். வாடகை இல்லை, முழு விலை. விண்டோஸ் 11 லேப்டாப்பில் அந்தக் கடையின் ஆப் வழியாக டவுன்லோடும் முடிந்தது. லேப்டாப் திரையில் கண்ணாடி மாதிரி ஓடுகிறது. எச்.டி.எம்.ஐ–வி.ஜி.ஏ கன்வெர்ட்டர் போட்டு 1024×768 புரொஜெக்டருக்குக் கொடுத்தால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. அந்த நேரத்தில் லேப்டாப் திரையும் கறுத்துவிடுகிறது. டெஸ்க்டாப், ஸ்லைடு, சாதாரண வீடியோ எல்லாம் அதே கேபிளில் ஓடுகின்றன, ஆகவே கேபிள் பழுதில்லை.

ஃபைலைத் தேடியெடுத்து பென் டிரைவில் போட்டு டிவியில் செருகினால் முதல் சில விநாடி ஓடுகிறது, பிறகு பச்சைக் கட்டங்களாகச் சிதறுகிறது. குரோமில் திறந்தால் 480பி-க்கு மேல் ஏறவில்லை. இணைப்பு 100 எம்.பி.பி.எஸ்.

இதில் எது சரிசெய்யக் கூடியது, எது முடியாதது? திருட்டுப் பிரதி யோசனை வேண்டாம். காசு கொடுத்ததை நிம்மதியாகப் பார்த்தால் போதும்.

கம்பிவடம்:
நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று வேறு பூட்டுகள். ஒன்று ஃபைலில், ஒன்று கம்பியில், ஒன்று பிரவுசரில். ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

முதலில் புரொஜெக்டர். லேப்டாப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ வழியாகப் படம் வெளியேறும்போது எச்.டி.சி.பி என்ற கைகுலுக்கல் நடக்கிறது. மறுமுனையில் இருப்பது உரிமம் பெற்ற கருவிதானா என்று லேப்டாப் கேட்கும், அது தன் சாவியைக் காட்ட வேண்டும். வி.ஜி.ஏ அனலாக். அதில் இந்தப் பேச்சுக்கே வழியில்லை. கன்வெர்ட்டரை மாற்றினாலும் கேபிளை மாற்றினாலும் பலன் இல்லை, அதற்குக் காசு செலவழிக்காதீர்கள். ஸ்லைடு ஓடுவதற்குக் காரணம், அதற்கு யாரும் பாதுகாப்பு கேட்பதில்லை.

லேப்டாப் திரையும் கறுப்பது ஏன் என்றால், நீங்கள் டூப்ளிகேட்டில் வைத்திருக்கிறீர்கள். ஒரே படம் இரண்டு திரைக்குப் போகும்போது, ஒன்று பாதுகாப்பில்லாதது என்றால் இரண்டுக்கும் சேர்த்து நிறுத்திவிடும்.

இப்போது உங்களுக்கு உண்மையில் உதவக்கூடிய விஷயம். எந்தத் தரத்துக்கு எந்தப் பாதுகாப்பு என்பதை உரிமம்தான் முடிவு செய்கிறது. 4கே என்றால் பொதுவாக எச்.டி.சி.பி 2.2 கேட்கும், எச்.டி. என்றால் பழைய 1.4 போதும், எஸ்.டி. என்ற சாதாரணத் தரத்துக்குப் பல கடைகள் எதுவும் கேட்பதில்லை. எச்.டி. வாங்கியவருக்கு எஸ்.டி.யும் பெரும்பாலும் சேர்ந்தே கிடைக்கும். ஆப்பின் டவுன்லோடு செட்டிங்கில் தரத்தை எஸ்.டி.க்கு மாற்றி, பழைய டவுன்லோடை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கிப் பாருங்கள்.

தரம் போய்விடுமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் புரொஜெக்டரில் அகலம் 1024 புள்ளி. 16:9 படம் அதில் 1024×576-ஆகத்தான் விழும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. அதில் 1080பி கொடுத்தாலும் சுருக்கித்தான் காட்டும். 480பி-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் சுவரில் கொஞ்சம் தெரியும், ஆனால் பார்க்க முடியாத அளவுக்கு இல்லை.

சாவிக்கொத்து:
பென் டிரைவ் விஷயத்தை நான் சொல்கிறேன். அது டிவியின் கோளாறு இல்லை, கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) பிரச்சினையும் இல்லை.

நீங்கள் எடுத்த ஃபைல் உள்ளே எம்.பி.4 மாதிரிதான் இருக்கும், ஆனால் படமும் ஒலியும் ஏ.இ.எஸ் 128 பிட் என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டிருக்கும். படம் 4 ஜி.பி என்றால் அதைத் திறக்கும் சாவி வெறும் 16 பைட். அந்த 16 பைட் ஃபைலில் இல்லை. ஃபைலில் இருப்பது சாவியின் அடையாள எண் மட்டும். சாவி உரிமத்தோடு தனியாக வந்து, உங்கள் லேப்டாப்புக்கு மட்டும் புரியும்படி இன்னொரு பூட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் ஃபைலை எங்கே காப்பி செய்தாலும் வெறும் மூட்டைதான் போகும்.

முதல் சில விநாடி ஓடியது உங்களைக் குழப்பியிருக்கும். படம் சட்டென்று தொடங்க வேண்டும், உரிமம் வந்து சேர நேரம் வேண்டும் என்பதற்காகச் சில கடைகள் தொடக்கத் துண்டைப் பூட்டாமல் விடுகின்றன. பூட்டிய பகுதி வந்ததும் டிவியின் டீகோடர் குப்பையைப் படமாக்க முயல்கிறது. பச்சைக் கட்டம் அதுதான்.

டிவியில் பார்க்க நேர்வழி, டிவியிலேயே அந்தக் கடையின் ஆப்பைப் போட்டு உங்கள் கணக்கில் நுழைவது. டிவிக்கு என்று தனி உரிமம் இறங்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் 4 ஜி.பி-க்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் காப்பியே ஆகாது. அதையும் பூட்டு என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறைய. அதற்கு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தால் போதும்.

நான்காவது_வரிசை:
குரோமின் 480பி-க்குக் காரணம் வைட்வைன் என்ற கூகுளின் பூட்டு முறை. இதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தை டீகோடு செய்வதும் சிப்புக்குள்ளேயே தனி அறையில் நடக்கும். எல்3 என்றால் எல்லாம் சாஃப்ட்வேரில். லேப்டாப்பில் குரோமும் ஃபயர்பாக்ஸும் பெரும்பாலும் எல்3-இல்தான் ஓடுகின்றன, ஆகவே பல கடைகள் எஸ்.டி.யோடு நிறுத்திவிடுகின்றன. இணைய வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அதே லேப்டாப்பில் எட்ஜைத் திறந்து பாருங்கள். அது மைக்ரோசாஃப்டின் பிளேரெடி என்ற பூட்டு முறையை வன்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தக்கூடியது. உங்கள் கடை அதை ஆதரித்தால் 1080பி வரும். மேக் என்றால் சஃபாரி. லினக்ஸில் இதற்கு நல்ல வழி இல்லை.

மொபைலிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டில் டி.ஆர்.எம் இன்ஃபோ ஆப்பைப் போட்டு, வைட்வைன் பகுதியில் செக்யூரிட்டி லெவல் என்ற வரியைப் பாருங்கள். 2018-இல் இங்கே நன்றாக விற்ற போக்கோ எஃப்1 எல்3-ஓடுதான் வந்தது, பிறகு 2019-இல் அப்டேட் வழியாக எல்1 கிடைத்தது. போனைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் சில போன்கள் எல்1-இலிருந்து எல்3-க்கு இறங்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெண்திரை:
கம்பிவடம் ஐயா சொன்னபடி எஸ்.டி.யை இறக்கிப் போட்டேன், புரொஜெக்டரில் ஓடுகிறது. எட்ஜில் 1080பி வருகிறது. மிக்க நன்றி. எச்.டி.எம்.ஐ உள்ள புரொஜெக்டர் வாங்குவதாக இருந்தால், நடுவில் பழைய ஆம்ப் (ஸ்பீக்கர்களுக்கான ஒலிபெருக்கி) ஒன்று இருக்கிறது. அதன் வழியாகக் கொடுக்கலாமா?

கம்பிவடம்:
1080பி-க்குப் பெரும்பாலும் தொல்லை இராது. 4கே-க்குத்தான் சிக்கல். எச்.டி.சி.பி 2.2 வந்தது 2013 வாக்கில். அதற்கு முந்தைய ஆம்ப் என்றால் நிச்சயம் 2.2 இருக்காது, அடுத்த ஓரிரு ஆண்டு மாடல்களிலும் எல்லாவற்றிலும் இருக்காது. சங்கிலியில் ஒரு கண்ணி பழையதாக இருந்தால் படம் 1080பி-க்கு இறங்கும், இல்லையென்றால் கறுப்பு. பிளேயரை நேராகத் திரைக்குக் கொடுங்கள், ஒலியை மட்டும் ஆப்டிகல் கம்பியிலோ, எச்.டி.எம்.ஐ கம்பியிலேயே ஒலியைத் திருப்பி அனுப்பும் ஏ.ஆர்.சி-யிலோ ஆம்புக்கு எடுங்கள்.

பழைய 4கே டிவிகள் சிலவற்றில் எல்லா எச்.டி.எம்.ஐ துளையிலும் 2.2 இருக்காது. துளைக்குப் பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். என்விடியா கார்டு இருந்தால் அதன் கன்ட்ரோல் பேனலில் எச்.டி.சி.பி நிலையைக் காட்டும் பக்கம் உண்டு, ஊகிக்கவே வேண்டாம்.

கடைசிப்பெட்டி:
தொழில்நுட்பம் எல்லாம் சரி, ஒன்றை யாரும் சொல்லவில்லை. நீங்கள் வாங்கியது படத்தை அல்ல, பார்க்கும் உரிமத்தை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கிய, ஸ்டுடியோகனால் என்ற பட நிறுவனத்தின் படங்கள் 2022 ஆகஸ்ட் 31-ஓடு நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார்கள். வாங்கியவர் செய்த தவறு ஒன்றும் இல்லை, நிறுவனங்களுக்கு இடையிலான உரிம ஒப்பந்தம்தான் காரணம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், இது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்ற பொத்தானைக் காட்டக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முழு விலை வாங்கிக்கொண்டு எந்தக் கம்பியில் பார்ப்பது என்று கட்டளையிடுவது அநியாயம்.

பூட்டை உடைப்பது பற்றி யாராவது கேட்பார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்கிறது. 'நோக்கத்தோடு' என்ற சொல் இருப்பதால் அமெரிக்கச் சட்டத்தை விட இது மென்மையானது. இருந்தாலும் கடையின் ஒப்பந்தம் தனி. கடை உங்கள் கணக்கை மூடிவிட்டால் மற்ற படங்களும் சேர்ந்து போகும்.

மனதுக்குப் பிடித்த படம் என்றால் ப்ளூ-ரே தட்டு வாங்குங்கள், கூடவே தனி பிளேயர். ப்ளூ-ரே தட்டுகளை மண்டலம் பிரித்து விற்கிறார்கள், இந்தியாவுக்கு மண்டலம் சி, வெளிநாட்டுத் தட்டு வாங்கும்போது அதைப் பாருங்கள். 4கே தட்டை லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தேவையான எஸ்.ஜி.எக்ஸ் என்ற சிப் பாதுகாப்பு வசதியை இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து எடுத்துவிட்டது.

சாவிக்கொத்து:
லேப்டாப்பை ஃபார்மேட் செய்யும் முன் ஆப்பிலிருந்து முறையாக வெளியேறி, கடையின் கருவிப் பட்டியலிலிருந்து அதை நீக்குங்கள். இல்லையென்றால் ஃபார்மேட் செய்த அதே லேப்டாப் புதுக் கருவியாக இன்னொரு இடத்தைப் பிடிக்கும். ஆப்பிள் கணக்கில் 5 கம்ப்யூட்டர்தான் வரம்பு, எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்குவது ஆண்டுக்கு ஒரு முறைதான். பயணத்துக்கு இறக்கி வைத்த படத்தை வீட்டில் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், உரிமம் உண்மையில் இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.