ட்ரோபோனின் கூடினால் மாரடைப்புதானா?

மேலூர்க்காரன்: காய்ச்சலோடு, ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதமும் கூடினால் அது மாரடைப்புதான், உடனே ஆஞ்சியோ பாருங்கள் என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். இதே பேச்சைக் கேட்டுத்தான் என் மாமனாரை மூன்று நாள் ஐசியூவில் போட்டோம். அடைப்பே இல்லை. வந்தது ஃப்ளூ. எதற்கு ஊரைப் பயமுறுத்துகிறீர்கள்?

அண்ணாநகர் செந்தில்: எழுதியது நான்தான். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்கு என்று 2018இல் கனடா ஆய்வு சொன்னது. படித்துவிட்டு வாருங்கள்.

லேப் தனம்: செந்தில் தம்பி, ஆய்வு இருக்கட்டும். மேலூர் அண்ணே, மாமனாருக்கு இரண்டாவது ரத்த சாம்பிள் எடுத்தார்களா? அதைச் சொல்லுங்கள். கோரிப்பாளையத்தில் 19 வருடமாக ரத்தம் எடுக்கிறேன். இதயத் தசை அடிபட்டால் ட்ரோபோனின் கசியும். ஏன் அடிபட்டது என்று அந்த எண் சொல்லாது. ஆக்சிஜன் இறங்கினாலும் கசியும், தசையில் அழற்சி வந்தாலும் கசியும். கிட்னி கெட்டவருக்கு எப்போதுமே கூடுதலாக இருக்கும். சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஈசிஜியும் வேண்டும்.

அண்ணாநகர் செந்தில்: வூஹானில் 2020இல் 416 கொரோனா நோயாளிகளில் 82 பேருக்கு இதயப் பாதிப்பு. அவர்களில் பாதிக்கு மேல் இறந்தார்கள். மற்றவர்களில் 4.5 சதவீதம்தான். இதையும் வெறும் கசிவு என்பீர்களா அக்கா?

லேப் தனம்: இறந்தார்கள், சரி. 82 பேருக்கும் மாரடைப்பு என்று அதில் எங்கே இருக்கிறது? பாதிப்பு வேறு, அடைப்பு வேறு. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவது சாம்பிள்?

மேலூர்க்காரன்: இரண்டாவது, மூன்றாவது என்று எடுத்தால் லேப்புக்குத்தானே வசூல்.

லேப் தனம்: வாயை அளந்து பேசுங்கள் அண்ணே. கொரோனா நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது, பிபிஇ உடைக்குள் வேர்த்து ஊற்ற வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுத்தவள் நான். என் பிள்ளையைப் பார்க்காமல் 14 நாள் தனியாகக் கிடந்தேன். வசூல் என்கிறீர்கள்!

திருமங்கலம் ஐயா: அக்காவிடம் மன்னிப்புக் கேளுங்கள் மேலூர்.

மேலூர்க்காரன்: நான் அவரைச் சொல்லவில்லை. மூன்று நாள் பில் கட்டியவன் நான்.

அண்ணாநகர் செந்தில்: பில் கதை இருக்கட்டும். மாமனாருக்கு ட்ரோபோனின் கூடியதா இல்லையா?

மேலூர்க்காரன்: கூடியது.

அண்ணாநகர் செந்தில்: அப்புறம் என்ன? நான் சொன்னதுதான்.

லேப் தனம்: ஒரு தடவை கூடியதா, ஏறிக்கொண்டே போனதா? எத்தனை தடவை எடுத்தார்கள்?

மேலூர்க்காரன்: பில்லில் ஒன்றுதான் இருக்கிறது.

லேப் தனம்: முதல் நாள் பில்லா, டிஸ்சார்ஜ் பில்லா?