புதுப்பிப்பு: மேரியன் என்பது ஆண் பெயரா, பெண் பெயரா?

அமெரிக்காவில் இன்று அரிதாகிவிட்ட ‘மேரியன்’ என்ற பெயர் இருபாலரிடையேயும் எவ்வளவு வழங்கியது என்று முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

அதிகம் சூட்டப்பட்ட முதல் ஆயிரம் பெயர்களின் பட்டியலோடு நின்றுவிடாமல், அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடும் 1880 முதலான ஆண்டுவாரிக் குழந்தைப் பெயர்க் கோப்புகளைப் பதிவிறக்கித் தேடுமாறு ஒருவர் கூறிய யோசனையே பயன் தந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பெயர் பெண்களிடையே முதல் நூறு பெயர்களுள் ஒன்றாக இருந்தபோதே ஆண்களுக்கும் தாராளமாகச் சூட்டப்பட்டது. 1907இல் பிறந்த நடிகர் ஜான் வெயினுக்குப் பெற்றோர் இட்ட முதற்பெயரும் இதுவே. ஆண்களிடையே இது பரவியதற்கு, அமெரிக்க விடுதலைப் போர்த் தளபதி பிரான்சிஸ் மேரியனின் புகழ் பெரிதும் துணைசெய்திருக்கும் என்பது என் கணிப்பு.

எதிர்பாராத செய்தி ஒன்றும் உண்டு. ஓர் ஆண்டில் ஒரு பாலினத்தில் ஐந்து பேருக்குக் குறைவாகச் சூட்டப்பட்ட பெயர் அந்தப் பாலினத்தின் வரிசையில் இடம்பெறாது என்பதால், நான்கு ஆண்களுக்கும் நான்கு பெண்களுக்கும் இடப்பட்ட பெயர், மொத்தம் எட்டுப் பேர் இருந்தும், கோப்பில் அறவே காணப்படாது. இருபாலருக்கும் பொதுவான அரிய பெயர்களுக்கு இவ்விதி சற்றுக் கொடுமையானதுதான். எழுத்து வேறுபாடுகளும் தனித்தனியாகவே எண்ணப்படுவதால், ‘மேரியன்’ என்பதன் மாற்று எழுத்துக்கூட்டல்களை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.