1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நகலா நம் அரசமைப்பு? "முக்கால் பங்கு" என்பவர்கள் கணக்குக் காட்டவும்

சட்டப்பித்தன்:
ஒரு மேடைப் பேச்சை நண்பர் அனுப்பியிருந்தார். "இந்திய அரசமைப்பு, வெள்ளைக்காரன் 1935-இல் போட்ட இந்திய அரசாங்கச் சட்டத்தின் நகல். முக்கால் பங்கு வரிக்கு வரி அதுவே" என்று முழங்குகிறார் பேச்சாளர். கைதட்டல் வேறு. அந்தச் சட்டத்தில் 321 பிரிவுகள். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பில் 395 உறுப்புகள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவையாவது புரட்டியிருப்பாரா? 1935-இல் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. எல்லோருக்கும் வாக்குரிமை அதில் எந்தப் பிரிவில் இருக்கிறது? தீண்டாமை ஒழிப்பு எந்தப் பிரிவில்? உரிமை பறிபோனால் நேராக உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டலாம் என்கிற 32-ஆவது உறுப்பை எந்தத் துரை எழுதிக் கொடுத்தார்? முக்கால் பங்கு என்றால் எண்ணிக் காட்டுங்கள்.

ஈட்டிமுனை:
எண்ணவே வேண்டாம். ஒன்று போதும்: 93-ஆவது பிரிவு.
1935: மாகாண அரசை இச்சட்டத்தின்படி நடத்த முடியாத நிலை ஏற்பட்டிருப்பதாக ஆளுநர் கருதினால், அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.
1950, உறுப்பு 356: மாநில அரசை இந்த அரசமைப்பின்படி நடத்த முடியாத நிலை ஏற்பட்டிருப்பதாகக் குடியரசுத் தலைவர் கருதினால், அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.
மாகாணத்தை அழித்து மாநிலம் என்று எழுதியாயிற்று, சுதந்திரம் வந்துவிட்டது. 1939-இல் ராஜாஜி அமைச்சரவை விலகியதும் சென்னையில் இதே 93-ஐ வைத்துத்தான் 1946 வரை ஆளுநர் ஆண்டார். தம் மீது பாய்ந்த அதே ஆயுதத்தைத் துடைத்துப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள் நம் பெரியவர்கள்.

சட்டப்பித்தன்:
நான் முக்கால் பங்குக்குக் கணக்குக் கேட்டேன். நீங்கள் ஒரே ஒரு பிரிவைக் காட்டுகிறீர்கள். 321-இல் ஒன்று எத்தனை பங்கு என்பது உங்களுக்கே தெரியும். கடன் வாங்கியதை யாரும் மறைக்கவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கரே அரசமைப்பு அவையில் எழுந்து, 1935 சட்டத்திலிருந்து எடுத்திருக்கிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அரசமைப்பின் அடிப்படைக் கருத்துகளுக்கு எவருக்கும் காப்புரிமை கிடையாது என்றார்.

ஈட்டிமுனை:
ஆக, எடுத்ததை ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி. 93 = 356.

பெருங்குளத்தார்:
ஈட்டிமுனை ஐயா வந்துவிட்டார், இனி மற்றவர்கள் கடையைக் கட்டலாம். காவிரி விவாதத்திலும் இப்படித்தான் 1924 ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு பத்து நாள் உயிரை வாங்கினார். அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஈட்டிமுனை:
கேள்வி கேட்டால் பதில் வரும் பெருங்குளத்தாரே. அன்று நீங்கள் வைத்தது ஒப்பாரி. 93-ஐப் படித்துவிட்டு வாருங்கள்.

அல்லி:
இரண்டு பேரும் தவறான இடத்தில் முட்டிக்கொள்கிறீர்கள். 356 நகல் இல்லை, நகலைவிட மோசம். குடியரசுத் தலைவர் ஆளுநரின் அறிக்கை கிடைத்தோ "அல்லது வேறு வகையிலோ" முடிவெடுக்கலாம் என்று ஒரு வாசலைக் கூடுதலாகத் திறந்து வைத்தார்கள். 1949-இல் எச்.வி. காமத் அவையிலேயே அதைக் கடுமையாக எதிர்த்தார், எடுபடவில்லை. அந்த வாசல் யாருக்குப் பயன்பட்டது? 1991 ஜனவரியில் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். அப்படியும் தி.மு.க. ஆட்சி கலைந்தது. வேறு வகையில்!

சட்டப்பித்தன்:
அல்லி அவர்களே, 356 பயன்படாமலே கிடக்கும் என்றுதான் அம்பேத்கர் நம்பினார். அதைத் தவறாகக் கையாண்டது பின்னால் வந்தவர்கள். கத்தியைச் செய்தவன் மீது கொலை வழக்குப் போடுவீர்களா? 1994-இல் கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது: பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பு ஆணையை நீதிமன்றம் ஆராயலாம் என்றது. அதன் பிறகு எத்தனை தடவை கண்டபடி கலைக்க முடிந்தது?

ஈட்டிமுனை:
பயன்படாமல் கிடக்க வேண்டியது நூறு தடவைக்கு மேல் எழுந்து நடந்திருக்கிறது. 1951-இல் பஞ்சாப், 1959-இல் கேரளம். 1976 ஜனவரி 31 அன்று இங்கே. ஐந்தாண்டுக் காலம் முடியச் சில வாரங்களே இருந்த ஆட்சி, அதற்கும் பொறுக்கவில்லை. 1980 பிப்ரவரியில் ஒரே நாளில் ஒன்பது மாநிலங்கள், அதில் எம்.ஜி.ஆர். ஆட்சியும் ஒன்று. 1991-ஐ அல்லி சொல்லிவிட்டார். கடிவாளம் போட 44 ஆண்டுகள் ஆனதைச் சாதனையாகச் சொல்கிறீர்கள். இவ்வளவையும் செய்யும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? 93.

கொழும்பான்:
பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வார்த்தை சொல்லலாமா? உங்கள் அரசமைப்பு மிக நீளம், வளையாதது, வளவளப்பு என்று 1950-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே வந்து பேசியவர் பிரிட்டிஷ் சட்ட அறிஞர் சர் ஐவர் ஜென்னிங்ஸ். இன்றுவரை அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஜென்னிங்ஸ் பெரும்பங்கு வகித்து உருவான இலங்கை அரசமைப்பு சுருக்கமானது, அழகானது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்று 29(2) இருந்தது. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோனபோது அந்த 29(2) ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. 1972-இல் அரசமைப்பே போய்விட்டது. நீளமாக இருப்பதைக் குறையாகச் சொல்பவர்கள் எங்களைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டப்பித்தன்:
கொழும்பான், பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய பதிவு. நீளம் என்று நையாண்டி செய்பவர்களுக்கு இதுவே பதில்.

ஈட்டிமுனை:
நீளத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. நான் கேட்காத கேள்விக்குக் கொழும்பிலிருந்து பதில் வருகிறது. கேட்ட கேள்விக்கு இங்கிருந்து வரவில்லை. 93 = 356, ஆமா, இல்லையா?

பெருங்குளத்தார்:
இல்லை. 93-இல் அதிகாரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஆளுநரிடம். 356-இல் இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும்.

ஈட்டிமுனை:
அதே 93-ஆவது பிரிவில், அறிவிப்பை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும், அது ஒப்பாவிட்டால் ஆறு மாதத்தில் காலாவதி என்றும் இருக்கிறது. அதிகபட்சம் மூன்றாண்டு என்பதும் அங்கிருந்து வந்ததே. லண்டன் போய் டில்லி வந்தது. படித்துவிட்டு வாருங்கள் என்று அப்போதே சொன்னேன்.

அல்லி:
நகல் என்று திட்டுபவர்களுக்கு இன்னொரு தகவல். 1935 சட்டத்தில் கல்வி மாகாணப் பட்டியலில் இருந்தது. 1950-இலும் மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976-இன் 42-ஆவது திருத்தத்தில், மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. அந்த ஒரு விஷயத்தில் ஒழுங்காக நகல் எடுத்து அப்படியே விட்டிருந்தால் நமக்கு இன்று பாதித் தலைவலி இல்லை.

சட்டப்பித்தன்:
பார்த்தீர்களா ஈட்டிமுனை? நகலை விட்டு விலகியதுதான் குற்றம் என்கிறார் அல்லி. நகல் எடுத்ததுதான் குற்றம் என்கிறீர்கள் நீங்கள். முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

அல்லி:
நான் யாருடைய கட்சியும் இல்லை. என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

ஈட்டிமுனை:
சட்டப்பித்தன் எப்போது பார்த்தாலும் அடுத்தவர் தோளில் துப்பாக்கி வைப்பவர். வீணை இசையும் சிதார் இசையும் கேட்க வந்தோம், ஆங்கிலேய பேண்டு வாத்தியம் கிடைத்தது என்று அரசமைப்பு அவையிலேயே கே. அனுமந்தையா சொன்னார். அவரும் ஒரு நாள்கூடப் புரட்டாதவரா? 1953-இல் மாநிலங்களவையில் இதை எரிக்கும் முதல் ஆளாக நான் இருப்பேன் என்று அம்பேத்கரே சொன்னாரே, அதையும் பொன்னெழுத்தில் பொறிப்பீர்களா?

சட்டப்பித்தன்:
1953-ஐ எடுத்து 1955-ஐ விழுங்கிவிட்டீர்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அதே அவையில் இரண்டு ஆண்டுக்குப் பிறகு அவரே விளக்கினார்: கோயில் கட்டினோம், தெய்வம் குடியேறும் முன் பேய் புகுந்துவிட்டது என்றார். கோயிலை அவர் குறை சொல்லவில்லை.

ஈட்டிமுனை:
பேய் நுழைந்த வாசலின் எண் 93.

பெருங்குளத்தார்:
எரிப்பதைப் பற்றிப் பேச நம் ஊரை விட்டால் யார் இருக்கிறார்கள்! 1957 நவம்பர் 26 அன்று சாதியைக் காப்பாற்றும் பகுதிகளை எரிக்கச் சொன்னார் பெரியார். ஆயிரக்கணக்கில் சிறை போனார்கள். அதற்கென்றே மூன்றாண்டுத் தண்டனையுடன் புதுச் சட்டம் போட்டது சென்னை அரசு. 356-க்காக யாராவது ஒரு தாளை எரித்தார்களா?

கொழும்பான்:
1963-இல் அண்ணா சிறை போனதும் இதற்காகத்தானே?

பெருங்குளத்தார்:
அது மொழிப் பகுதி, 17-ஆவது பாகம். வேறு கதை. 1957-ஐயும் 1963-ஐயும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 1957-இல் போனவர்களுக்குப் பின்னால் பதவி எதுவும் காத்திருக்கவில்லை.

அல்லி:
1963-இல் போனவர்களுக்கு மட்டும் பதவி காத்திருந்தது என்று யார் சொன்னது? 1967 தேர்தல் முடிவை நான்கு ஆண்டு முன்னதாகவே சோழி உருட்டிப் பார்த்துவிட்டுச் சிறைக்குப் போனார்களா?

பெருங்குளத்தார்:
தொட்டால் சுடும் என்று தெரியும். அதனால்தான் காவிரி விவாதத்திலும் நீங்கள் பாதியில் எழுந்து போனீர்கள்.

அல்லி:
நான் அந்த விவாதத்தில் கலந்துகொள்ளவே இல்லை.

சட்டப்பித்தன்:
முக்கால் பங்குக்குக் கணக்கு இன்னும் வரவில்லை.

ஈட்டிமுனை:
93-க்குப் பதில் இன்னும் வரவில்லை. நாளை 107-ஐயும் 254-ஐயும் அருகருகே போடுகிறேன். மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் மோதினால் எது செல்லும் என்கிற பிரிவு. கணக்குப் பிள்ளைகள் காகிதம் பென்சிலுடன் வரவும்.